விமானத் தளம் உயர்த்தும் திருப்பணி

அன்று ஏரோட்ராம் ஷெட்டில் இருந்தவர்கள்.

நகராட்சி கமிஷனர். அவருக்கு மட்டும் கை வைத்த நாற்காலி.

ஓவர்சீயர். கையில் சுருட்டின பிளான்.

குமாஸ்தா. மடியில் கோப்பு. காதில் பேனா.

மிராசுதார். வடக்கேயும் மேற்கேயும் உள்ள வயலெல்லாம் அவருடையது. குடையை மடக்காமலே உள்ளே கொண்டுவந்தார்.

ஒரு ஸ்தபதி. கோயில் கட்டுகிறவர், சிலை அடிக்கிறவர். அவரை நகராட்சியில் யாரும் கூப்பிடவில்லை.

என் அக்கா. அதையும் யாரும் கூப்பிடவில்லை.

நான். ஏரோட்ராம் வாட்ச்மேன்.

வாசலில் ஒரு எருமை. அது கூட்டத்தில் சேர்த்தி இல்லை. ஆனால் கடைசிவரை இருந்தது.

கூட்டம் எதற்கு என்றால், ரன்வேயை நீட்ட. கிழக்கே முந்நூறு அடி. அந்த முந்நூறு அடியில்தான் எங்கள் தெரு இருந்தது. உள்ளே போனால் மூணாவது வீடு என்னுது. பிளானில் அந்த இடத்தில் 'காலி இடம்' என்று எழுதியிருந்தது.

காற்றில் பறக்காமல் பிளானை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இருந்தாலும் படித்துவிட்டேன். அஞ்சாவது வரை படித்திருக்கிறேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரத்தநாட்டு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி ஒரு மைல். யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் போட்ட ரன்வே. செம்மண், ஜல்லி, மேலே தார். யுத்தம் முடிந்து பட்டாளம் போய்விட்டது. தார் இருந்தது. அதை யார் தலையில் கட்டுவது என்று பார்த்து எங்கள் நகராட்சி தலையில் கட்டினார்கள். நகராட்சியில் சந்தை, சாக்கடை, சுடுகாடு, ஏரோட்ராம் நாலுக்கும் ஒரே பிரிவு. நான் முதலில் சுடுகாட்டில் இருந்தேன். அங்கே வேலை அதிகம். மாற்றிக் கேட்டேன். இங்கே போட்டார்கள்.

நான் சேர்ந்த பிறகு இறங்கின விமானம் ஒன்று. அதுவும் வழி தவறி வந்தது. ஓட்டினவர் இறங்கி, இது திருச்சியா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏறிப் போய்விட்டார்.

வேலை இவ்வளவுதான். ஆடு மாடு விரட்டணும். ஓரக் கோட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். காத்துப் பையைக் காலையில் ஏற்றி சாயங்காலம் இறக்கணும். கம்பத்து உச்சியில் தொங்குகிற துணிக்குழாய் அது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலே வருகிறவனுக்குக் காட்டும். மேலே யாரும் வருவதில்லை. ஆனாலும் காட்டணும். பதிவேட்டில் தினம் எழுதணும். விமானம், இல்லை. காற்று, மேல்காற்று. எருமை, நாலு.

தை மாசியில் ரன்வே பூராவும் நெல். எங்கள் பக்கத்தில் தார் போட்ட இடம் எது கண்டாலும் நெல் காயப்போடுவார்கள். மேற்குப் பாதியில் மிராசுதார் நெல். கிழக்குப் பாதியில் எங்கள் தெருவின் கூலி நெல். நடுவில் நான் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தேன். விமானத்துக்குப் போட்ட கோடு இல்லை. அடிதடி வராமல் இருக்கப் போட்டது.

அது சண்டைக் காலம். அறுப்புக் கூலிக்குச் சண்டை. வெளியூர் ஆளை வயலில் இறக்கினால் சண்டை. கொடி ஏற்றினால் சண்டை. எங்கள் தெரு முழுக்கச் செங்கொடிச் சங்கம். அக்காதான் அதில் முன்னால் நிற்கிறது. அக்கா பேசும். நான் பேச மாட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் பேசினால் போதும்.

காத்துப் பை சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. நகராட்சிக் கம்பத்தில் செங்கொடி பறக்கிறது என்று மிராசுதார் மனு போட்டார். ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்து, இதுல அரிவாள் எங்கே என்றார். இல்லை என்றேன். அப்ப ஏன் சிவப்பு என்றார். வானத்திலிருந்து தெரியணும் என்றேன். வானத்துல யாரு சங்கம் வச்சிருக்கா என்றார். கடைசியில் வெள்ளையை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணி சேர்த்துத் தைக்கச் சொல்லிவிட்டுப் போனார். தைத்தேன். கறுப்பும் சிவப்பும் ஆனது. ஆட்சியில் இருக்கிறவர்களின் நிறம். அதற்குப் பிறகு அதை இறக்கச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. மிராசுதார்கூட அந்தப் பக்கம் வந்தால் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆட்சி மாறினதும் கோப்பெல்லாம் தமிழில் எழுதணும் என்று உத்தரவு வந்தது. ஸ்ரீ போய்த் திரு வந்தது. எங்கள் குமாஸ்தாவுக்குத் தமிழ் மேல் ஆசை. திரு என்ற சொல்லில் தனிப் பிரியம். எது கிடைத்தாலும் முன்னால் ஒரு திரு போட்டுவிடுவார். வருகைப் பதிவேட்டில் என்னைத் 'திரு. காவலர்' என்று எழுதினார். எனக்கு முன்னால் திரு போட்ட முதல் ஆள் அவர். அதனால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மேலிடத்திலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. சின்ன ஏரோட்ராம்களின் தரத்தை உயர்த்தணும், திட்டம் அனுப்பு என்று. எட்டுப் பேர் உட்காரும் விமானம் இறங்கணுமாம். எங்கள் ரன்வே அதற்கு முந்நூறு அடி பத்தாது. ஓவர்சீயர் பிளான் போட்டார். குமாஸ்தா தலைப்பு எழுதினார். ஏரோட்ராம் என்றால் விமானத் தளம். தரத்தை உயர்த்துவது, உயர்த்தும். வேலை, பணி. பணிக்கு முன்னால் கை நிற்கவில்லை, ஒரு திரு. சேர்த்துப் படித்தால், விமானத் தளம் உயர்த்தும் திருப்பணி.

நகல் நாலைந்து இடத்துக்குப் போனது. தஞ்சாவூர்ப் பக்கம் விமானம் என்றால் கருவறைக்கு மேலே நிற்கிற கோபுரம். தளம் என்றால் அதில் ஒரு அடுக்கு. திருப்பணி என்றால் கோயில் வேலை. தபால் பிரிக்கிறவர் மேல் தப்பு சொல்ல முடியாது. ஒரு நகல் கோயில் காரியம் பார்க்கிற ஆபீசுக்குப் போய்விட்டது. யாரோ கேட்காமல் கொள்ளாமல் எங்கேயோ விமானத்துக்கு ஒரு அடுக்கு கூட்டுகிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஸ்தபதியை அனுப்பினார்கள். அவர் கையில் முத்திரை போட்ட உத்தரவு. ஸ்தபதி பார்த்துக் கருத்து எழுதும்வரை விமானத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

கூட்டத்தன்று காலை ஏழு மணிக்கே அவர் வந்துவிட்டார். வயசு அறுபது இருக்கும். துணிப்பை, அதில் நீட்டிக்கொண்டு ஒரு முழக்கோல். நான் எருமை விரட்டிக்கொண்டிருந்தேன்.

"விமானம் எங்கப்பா?"

"அதுமேலதாங்க நிக்கிறீங்க."

குனிந்து பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார்.

"படுத்திருக்கே."

"எப்பவும் இப்படித்தாங்க."

"விழுந்துட்டுதா?"

"போட்டதே இப்படித்தாங்க."

உத்தரவை எடுத்து ஒரு தரம் படித்தார். மடித்து வைத்தார். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வந்த வேலையை முடிச்சுட்டுப் போறேன் என்று மேற்கு முனைக்குப் போய் முழக்கோலை வைத்து அளக்க ஆரம்பித்தார். கோலைப் புரட்டிப் புரட்டி வந்தார். நான் கூடவே சுண்ணாம்பால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. எத்தனை கோல் என்று இடையில் ஒரு இடத்தில் தப்பிவிட்டது. பரவாயில்லை என்றார்.

கிழக்கு முனை வந்தபோது அவருக்கு வேர்த்து ஊற்றியது. நேர் எதிரே எங்கள் தெரு. அக்கா வாசலில் நின்றது. தண்ணி கேட்டார். அக்கா உள்ளே போகவில்லை.

"எங்க வூட்டுத் தண்ணிங்க" என்றது.

"தண்ணிதானேம்மா கேட்டேன்."

இரண்டு சொம்பு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தெருவுக்கு என்ன பேரு என்று கேட்டார். தெருவுக்குன்னு தனியா பேரு இல்லீங்க, ஊர்ல எங்களைச் சொல்ற பேருதான் தெருவுக்கும் என்றது அக்கா. அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். வடக்கே ஒரு வரிசை, தெற்கே ஒரு வரிசை. நடுவில் மண்பாதை, ரன்வேயிலிருந்து நூல் பிடித்த மாதிரி கிழக்கே போகிறது. ரன்வே போட்ட காலத்தில் கல் சுமக்க வந்தவர்கள் எங்கள் அப்பா அம்மா எல்லாம். ரன்வே முடிகிற இடத்தில் கூடையை இறக்கி வைத்தார்கள். அங்கேயே குடிசை போட்டார்கள். வேறு காரணம் இல்லை.

பத்து மணிக்குக் கமிஷனர் வந்தார். ஸ்தபதியின் உத்தரவைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, என்னய்யா எழுதினே என்றார். தமிழ்ல தப்பு இல்லீங்க சார் என்றார் குமாஸ்தா. உண்மைதான். தப்பு இல்லை. ஓவர்சீயர் சிரித்தார். கமிஷனர் சிரிக்கவில்லை. முத்திரை வந்தால் பதில் போகணும், அதுதான் முறை என்றார்.

ஸ்தபதியிடம் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் உள்ள கேள்வி எல்லாம் கேட்டாகணும். கலசம் எத்தனை என்று கேட்டார். கலசம் கிடையாதுங்க, காத்துப் பை ஒண்ணு இருக்கு என்றார் ஓவர்சீயர். காத்துப் பை ஒன்று என்று எழுதிக்கொண்டார். சிற்பம் ஏதாவது சிதைஞ்சிருக்கா என்றார். தார் பேந்திருக்குங்க என்றேன் நான். அதையும் எழுதிக்கொண்டார். விமானத்தோட நிழல் தரையில விழுமா என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அப்படி ஒரு பேச்சு உண்டு, நிழல் தரையில் விழாது என்று. எல்லாரும் வெளியே எட்டி ரன்வேயைப் பார்த்தார்கள்.

"விழலீங்க" என்றார் ஓவர்சீயர்.

"நல்லா கட்டியிருக்காங்க" என்றார் ஸ்தபதி.

அப்புறம் பிளானுக்கு வந்தார்கள். மேற்கே ஏன் நீட்டக் கூடாது என்று கமிஷனர் கேட்டார். மேற்கே வாய்க்கால், அதைத் தாண்டினால் மிராசுதாரின் இருபோக வயல் என்றார் ஓவர்சீயர். மிராசுதார் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். சரி, கிழக்கே என்ன இருக்கு என்றார் கமிஷனர்.

"காலி இடம்."

"குடிசை இருக்குங்க" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேசை பேசின மாதிரி பார்த்தார்கள். ஓவர்சீயர், அது புறம்போக்குல போட்டது சார், பிளான்ல காட்டுறதில்லை என்றார்.

புறம்போக்கு என்றதும் மிராசுதாருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நிலம் தன் தாத்தாவுடையது என்று இருபது வருஷமாகச் சொல்கிறவர் அவர். அன்றைக்கும் சொன்னார். யுத்தம் முடிகிற வரைக்கும் என்று பட்டாளத்துக்குக் கொடுத்தது, யுத்தம் எப்பவோ முடிந்துவிட்டது, கிழக்குக் கோடி பூரா தனக்குத்தான் பாத்தியம், குடிசையை இடிக்கத் தனக்கும் சம்மதம், இடித்தது போக மீதி நிலம் தனக்கு வரணும் என்றார்.

அதுவரை வாசலில் எருமை பக்கத்தில் நின்ற அக்கா உள்ளே வந்தது.

"ஐயா சொல்றது நெசந்தாங்க. அது ஐயா வூட்டு நெலந்தான்."

மிராசுதார் முகம் மலர்ந்தது. எங்கள் தெருவிலிருந்து ஒரு ஆள் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. "கேட்டீங்களா சார்? அவளே சொல்லிட்டா."

"எழுதிக்கிடுங்க" என்றது அக்கா குமாஸ்தாவிடம். "ஐயா நெலத்துல கூலிக்காரங்க நாங்க குடியிருக்கோம். இருபது வருசத்துக்கு மேலா."

குமாஸ்தா எழுதினார். கமிஷனர் மீசைக்குள் சிரித்தார். மிராசுதாருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது குடியிருப்பு மனைச் சட்டம் வந்திருந்தது. நிலச்சொந்தக்காரர் இடத்தில் குடிசை போட்டிருக்கிற கூலிக்காரனுக்கு அந்த மனை சொந்தம். நிலம் அவருடையது என்றால் மனை எங்களுடையது.

மிராசுதார் உட்கார்ந்தார். தண்ணி கேட்டார். கொடுத்தேன், ஷெட் பானையில் இருந்து. குடிக்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாத்தாவைப் பற்றி வேறு விதமாகப் பேச ஆரம்பித்தார். தாத்தா தாராள மனசுக்காரர். யுத்தம் முடிகிற வரைக்கும் என்றெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். கொடுத்தது கொடுத்ததுதான். தனக்கு அதில் ஒரு பாத்தியமும் இல்லை.

"எழுதிக் கையெழுத்துப் போடுறீங்களா?" என்றார் கமிஷனர்.

போட்டார். இருபது வருஷத்து வழக்கு ஒரு டம்ளர் தண்ணியில் முடிந்தது.

"ஒங்க தாத்தா நல்லவருங்க" என்றது அக்கா.

ஆனால் எங்களுக்கு அதில் ஒன்றும் நடக்கவில்லை. கமிஷனர் பேனாவை மூடினார். அப்படின்னா நகராட்சி இடம்தான். நகராட்சி இடத்துல குடிசை இருக்கக் கூடாது. பதினைந்து நாள் கொடுங்க, காலி பண்ணட்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. நீட்டச் சொல்லி மேலிடத்தில் கேட்கிறார்கள். அவர் நீட்டணும்.

அக்கா என்னைப் பார்த்தது.

"தம்பி, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

பேசினால் வேலை போகும். பேசாவிட்டால் வீடு போகும். என் கை இரண்டும் பிளான் மேல் இருந்தது. கையை எடுத்தேன். அதுதான் எனக்கு வந்தது. மேல்காற்று. பிளான் ஓவர்சீயர் தலைக்கு மேலே எழும்பி வாசல் பக்கம் போனது. எட்டுப் பேர் விமானம் இறங்காவிட்டாலும் பிளான் நன்றாகப் பறந்து எருமைக்கு முன்னால் இறங்கியது. எருமை அதன் மேல் காலை வைத்தது. ஓவர்சீயர் இழுத்தார். எருமை காலை எடுக்கவில்லை. வாட்ச்மேன், விரட்டு என்றார். விரட்டினேன். மெதுவாகத்தான் விரட்டினேன்.

அதற்குள் ஸ்தபதி மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "நான் இன்னும் கருத்து குடுக்கலையே" என்றார். குமாஸ்தாவிடம் கொடுத்து, தமிழ் தெரிஞ்சவர், நீங்களே படிங்க என்றார்.

குமாஸ்தா எழுந்து நின்று படித்தார். விமானம் கிடை நிலையில் உள்ளது. கலசம் இல்லை. காத்துப் பை ஒன்று. நிழல் தரையில் விழவில்லை. முகம் கிழக்கு. விமானத்துக்கு நேர் கிழக்கே, வடசிறகு தென்சிறகு இரண்டிலும் வீடுகளோடு சந்நிதித் தெரு முறைப்படி அமைந்திருக்கிறது. சந்நிதித் தெருவை அகற்றலாகாது.

அந்தக் கடைசி வரியை அவர் இரண்டு தரம் படித்தார். முதல் தரம் வாய் தானாகப் படித்தது. இரண்டாம் தரம் அவர் படித்தார்.

எங்கள் ஊரில் சந்நிதித் தெரு என்று ஒன்று உண்டு. கோயிலுக்கு முன்னால், கிழக்கே. எங்கள் அப்பா அதில் நடந்ததில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுகூட நடந்ததில்லை. தலையில் நெல்கட்டோடு வயல் வரப்பில் சுற்றிப் போவார். அரை மைல் சுற்று.

மிராசுதார் எழுந்துவிட்டார். "அதுவாய்யா சந்நிதித் தெரு?"

"கிழக்கே இருக்கு. நேரா இருக்கு. ரெண்டு சிறகும் இருக்கு. வேற என்ன வேணும்?" என்றார் ஸ்தபதி. குரல் ஏறவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அவர் தெரிந்து எழுதினாரா, தாளில் உள்ள முறைக்கு எழுதினாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

கமிஷனர் தாளை வாங்கிப் பார்த்தார். ஸ்தபதி கையெழுத்து இருந்தது. இதை மீறினால் கோயில் ஆபீசுக்குப் பதில் எழுதணும். அவர்கள் திரும்ப எழுதுவார்கள். மேற்கே நீட்டினால் மிராசுதார் கோர்ட்டுக்குப் போவார். வடக்கும் தெற்கும் ரன்வே நீளுகிற திசை இல்லை. மேம்பாட்டை எந்தப் பக்கம்தான் பண்றது என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

"மேலே பண்ணுங்க" என்றார் ஸ்தபதி. "தலைப்புல உயர்த்தும்னுதானே போட்டிருக்கு."

கமிஷனர் பேனாவைத் திறந்தார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு, கிழக்கே சந்நிதித் தெரு இருப்பதால் நீட்ட இயலாது என்று எழுதி மேலே அனுப்பு என்றார். பிளானில் எருமைக் கால் பட்ட இடத்தை ஓவர்சீயர் துடைத்துக்கொண்டிருந்தார். காலி இடம் என்பதை அடித்து, சந்நிதித் தெரு என்று எழுதச் சொன்னார்கள். எழுதினார். அந்தத் தெருவுக்குப் பேர் வந்தது அன்றைக்குத்தான்.

தெருவில் எத்தனை வீடு என்று கோப்புக்கு வேண்டும் என்றார் குமாஸ்தா. எண்ணிக்கை இல்லாமல் அனுப்பினால் திருப்பி அனுப்புவார்களாம். எழுதுகிற வீடு நிற்கும். எழுதாதது நிற்காது. ஓவர்சீயருக்குத் தெரியவில்லை. அவர் கணக்கில் அது காலி. கமிஷனர் என்னைப் பார்த்து, "போய் எண்ணிட்டு வாய்யா" என்றார். அவர் வந்த நாளிலிருந்து எனக்குச் சொன்ன வேலைகளில் ஏரோட்ராமுக்காகச் சொன்னது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர் வீட்டு வேலை.

போனேன். அக்காவும் வந்தது. எருமையும் கொஞ்ச தூரம் வந்தது. வெயில் நட்டுக்குத்தலாக இருந்தது. ஜனம் வாசலில் நின்றது. வடசிறகை எண்ணிக்கொண்டு போனேன். என் வீடு வந்தபோது அதையும் ஒரு விரல் மடக்கினேன். தென்சிறகை எண்ணிக்கொண்டு திரும்பினேன். கடைசியில் நாலு மூங்கில் கால் மட்டும் நட்டிருந்தது. கூரை இல்லை. போன வாரம் கல்யாணம் ஆன பிள்ளைகள் போட ஆரம்பித்தது.

நின்றேன்.

"சேத்துக்க தம்பி" என்றது அக்கா. "சாயங்காலத்துக்குள்ள கூரை மேஞ்சுடுவாங்க."

விரல் மடக்கினேன்.

ஷெட்டுக்குத் திரும்பினேன். குமாஸ்தா பேனாவோடு காத்திருந்தார். எத்தனை என்றார்.

முப்பத்தி எட்டு.